என் அத்தியாயத்தைக் கல்லூரி நகலெடுத்துக் கொடுக்கிறது. எனக்குப் பணம் வர வேண்டாமா?

கேள்வி இதுதான்: நீங்கள் ஒரு பாடநூலுக்கு மூன்று அத்தியாயங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். அதில் ஒன்றை ஒரு கல்லூரி நகலெடுத்து, பாடத் தொகுப்பில் சேர்த்து, ஆண்டுதோறும் மாணவர்களுக்குக் கொடுக்கிறது. பதிப்பாளரிடம் கேட்டால் "கல்விக்காகத்தானே, விடுங்கள்" என்கிறார். உங்களுக்கு ஏதாவது வர வேண்டுமா, வேண்டாமா? கல்லூரிக்கு எழுதலாமா?

வரலாம். எந்த நாட்டுச் சட்டம், எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டீர்கள், இந்த இரண்டும்தான் அதை முடிவு செய்யும். கல்லூரியின் மேல் கோபப்படுவதற்கு முன் அந்த இரண்டையும் பாருங்கள்.

எனக்கும் இப்படி நடந்தது. முன்பின் தெரியாத ஒரு மாணவர் ஒரு கணக்கில் சந்தேகம் கேட்டு, பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார். நான் எழுதிய பக்கம்தான். ஸ்பைரல் பைண்டிங் போட்ட தொகுப்பு. அத்தியாயத் தலைப்பு இருந்தது; அதன் கீழே இருந்த என் பெயர் மட்டும் ஜெராக்ஸ் எடுத்தபோது வெட்டுப்பட்டிருந்தது. பழைய ஒப்பந்தத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். "தற்போதுள்ள, இனி வரவிருக்கும் எல்லா வடிவங்களிலும், முழுக் காலத்துக்கும்" என்று ஒரே வரியில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்திருந்தேன். அதற்கு மொத்தமாக ஒரு தொகை வாங்கியிருந்தேன். வாங்கிய அன்று பெரிய தொகையாகத்தான் தெரிந்தது!

சரி, சட்டத்துக்கு வருவோம். பதிப்புரிமை பற்றி நாடுகள் சேர்ந்து 1886இல் செய்துகொண்ட பெர்ன் உடன்படிக்கை, கற்பித்தலுக்காக ஒரு படைப்பிலிருந்து எடுத்தாள நாடுகள் தம் சட்டத்தில் இடம் கொடுக்கலாம் என்கிறது. நியாயமான வழக்கத்தை மீறக்கூடாது என்பது நிபந்தனை. அந்த இடத்தைச் சில நாடுகள் இலவசமாகக் கொடுத்தன. சில நாடுகள், "எடுத்துக்கொள், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், ஆனால் பணம் கட்டு" என்றன. எழுதுகிறவனுக்கு இரண்டாவது வழிதான் நல்லது என்பது என் கட்சி.

இலவச வழிக்குக் கனடா நல்ல உதாரணம். 2012இல் அங்கே நியாயமான பயன்பாட்டுக்கான, அதாவது அனுமதியும் பணமும் இல்லாமல் எடுத்தாள்வதற்கான, காரணங்களின் பட்டியலில் கல்வியையும் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் எழுத்தாளர்கள், பதிப்பாளர்கள் சார்பில் நகல் கட்டணம் வசூலிக்கும் ஆக்சஸ் காப்பிரைட் என்ற கூட்டு உரிம அமைப்புக்குப் பணம் கட்டுவதை ஒவ்வொன்றாக நிறுத்தின. அந்த அமைப்புக்கும் யார்க் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அமைப்பின் கட்டண விகிதம் பல்கலைக்கழகத்தைக் கட்டாயப்படுத்தாது என்று 2021 ஜூலையில் தீர்ப்பு வந்தது. அந்த அமைப்பு வழியாக ஆண்டுக்கு ஒருமுறை ஒரு சிறு காசோலை வாங்கிக்கொண்டிருந்த எழுத்தாளர்களுக்கு அது சுருங்கிப்போனது.

இந்தியாவில் 2012இல் மூன்று பெரிய பதிப்பகங்கள் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் மீதும் வளாகத்து நகல் கடை மீதும் வழக்குப் போட்டன. பதிப்புரிமை தெய்வம் கொடுத்த உரிமை இல்லை என்று சொல்லி 2016இல் தனி நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டில், கற்பித்தலுக்குத் தேவையான அளவுதானா என்பதே அளவுகோல் என்றார்கள். 2017இல் பதிப்பகங்களே வழக்கைக் கைவிட்டன. இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. யாருடைய நூல்களைக் காக்க வழக்குப் போட்டதாகச் சொன்னார்களோ, அந்த ஆசிரியர்களில் பலரே மாணவர் பக்கம் நின்று கடிதம் எழுதினார்கள். பதிப்பாளரின் பை வேறு, ஆசிரியரின் பை வேறு என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை.

பணம் கட்டச் சொல்லும் நாடுகளிலும் இந்த இரண்டு பைச் சண்டை உண்டு. ஜெர்மனியில் பாடம் நடத்துகிறவர் ஒரு நூலின் 15 சதவீதம் வரை வகுப்புக்காக எடுத்துக்கொள்ளலாம். அதற்கான ஈட்டுத்தொகை எழுத்தாளர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் ஃபவ்கே வோர்ட் (VG Wort) என்ற சங்கத்துக்குப் போகும். ஆய்வு நூல்கள் என்றால் நெடுங்காலம் அதில் பாதியைப் பதிப்பாளர்களுக்குக் கொடுத்து வந்தார்கள். எழுத்தாளர் ஒருவர் வழக்குப் போட, அப்படிப் பொத்தாம்பொதுவாகப் பிரித்துக் கொடுக்க முடியாது என்று 2016இல் அந்நாட்டுக் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021இல் சட்டமே மாறியது: சங்கம் வேறு மாதிரி முடிவு செய்யாதவரை, நூலாசிரியருக்குக் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு. ஆஸ்திரேலியாவில் கதை இன்னும் பழையது. நூலகத்தில் நகல் எந்திரத்தை வைத்துவிட்டு, அதில் என்ன நடக்கிறது என்று பார்க்காமல் இருந்த பல்கலைக்கழகமே பொறுப்பு என்று 1975இல் உயர் நீதிமன்றம் சொன்னது. அதிலிருந்து பிறந்ததுதான், அனுமதி கேட்காமல் நகலெடுத்துக் கட்டணம் மட்டும் கட்டும் அங்குள்ள கட்டாய உரிம முறை. பாடம் நடத்துகிறவர் நகலெடுக்கிறார், கல்வித்துறை பணம் கட்டுகிறது, மாணவர் பையில் கை வைப்பதில்லை.

உங்கள் நாட்டில் இப்படி ஒரு சங்கம் இருந்தால் முதல் வேலையாகப் பெயரைப் பதியுங்கள். பதியாதவரைத் தேடி வந்து யாரும் கொடுப்பதில்லை.

அப்புறம் ஒப்பந்தம். என்னைக் கேட்டால் முக்கால்வாசிப் பணம் போவது இங்கேதான். "ராயல்டி 10 சதவீதம்" என்று இருந்தால், எதில் 10 என்று பாருங்கள். முகவிலையிலா, நிகர வரவிலா? பதிப்பாளர் 40 சதவீதம் தள்ளுபடியில் விற்றால், நிகர வரவில் 10 என்பது முகவிலையில் 6தான். மின்னூல் தொகுப்புச் சந்தா இன்னும் மோசம். கல்லூரி ஒரே தொகையில் நூற்றுக்கணக்கான நூல்களுக்குச் சந்தா கட்டும்போது, உங்கள் அத்தியாயத்தின் பங்கை எப்படிக் கணக்கிடுவார்கள் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இருக்காது. கேளுங்கள். அதேபோல், நகல் உரிமத்திலிருந்து சங்கம் வழியாக வரும் தொகை ஆசிரியருக்கே என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

முடிந்தால் உரிமையை ஒப்படைக்காமல், குறிப்பிட்ட காலத்துக்கு உரிமம் மட்டும் கொடுங்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாயிற்று என்றாலும் தாளை மறுபடி படியுங்கள். இந்தியச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, ஒப்படைப்பில் காலம் குறிப்பிடவில்லை என்றால் அது ஐந்து ஆண்டுகள்தான். எந்த நாடு என்று குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும்தான். என் ஒப்பந்தத்தில் "முழுக் காலத்துக்கும்" இருந்ததால் எனக்கு அந்த வாசல் திறக்கவில்லை. உங்களுக்குத் திறக்கலாம்.

கல்லூரிக்கு எழுதலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். எழுதுங்கள், ஆனால் முதல் வரியிலேயே பணம் கேட்காதீர்கள். பெயரைக் கேளுங்கள். பணம் சார்ந்த உரிமைகளை எல்லாம் விற்றுவிட்டாலும், இதை எழுதியது நான்தான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை ஆசிரியரிடமே இருக்கும் என்று அதே பெர்ன் உடன்படிக்கையில் 1928இல் சேர்த்தார்கள். நான் அதை மட்டும் சொல்லி எழுதினேன். பாடம் நடத்தும் ஆசிரியரே மன்னிப்புக் கேட்டுப் பதில் போட்டார். அடுத்த ஆண்டுத் தொகுப்பில் என் பெயர் வந்தது, ஓர் எழுத்துப் பிழையோடு.