உதை யாருக்கு?

கேள்வி: நாம் கால்பந்து என்கிறோம். இலங்கைத் தமிழர்கள் உதைபந்தாட்டம் என்கிறார்கள். அமெரிக்கர்கள் மட்டும் ஏன் 'சாக்கர்' என்று பெயரைக் கெடுத்தார்கள்? (திண்டுக்கல் வாசகர் ஒருவர்)

பதில்: கெடுத்தவர்கள் அமெரிக்கர்கள் இல்லை, இங்கிலாந்து மாணவர்கள். எந்தச் சொல்லைப் பார்த்தாலும் வாலை நறுக்கி 'அர்' ஒட்டுவது ஆக்ஸ்ஃபோர்ட் பையன்களின் வியாதி. பந்தைக் கையிலெடுத்து ஓடும் ரக்பி ஆட்டம் 'ரக்கர்' ஆனது. 'அசோசியேஷன் ஃபுட்பால்' முதல் சொல்லின் நடுத்துண்டை மட்டும் கொடுத்து 'சாக்கர்' ஆனது. அந்தக் கதை அவ்வளவுதான்.

எனக்கு 'உதை'தான் ருசிக்கிறது. எங்கள் பிழை திருத்துநர் கால்பந்துக் கட்சி. 'உதைபந்து' என்று எழுதினால் சிவப்பு மையோடு வருவார். வரலாறு யாழ்ப்பாணத்தார் பக்கம்தான் ஐயா!

1863 அக்டோபர் 26 அன்று லண்டன் ஃப்ரீமேசன்ஸ் டாவர்ன் விடுதியில் கிளப்புகள் கூடி ஃபுட்பால் அசோசியேஷனைத் தொடங்கின. விதி எழுத ஆறு கூட்டம் ஆயிற்று. பெரிய தகராறு பந்தைப் பற்றியது அல்ல. எதிராளியின் முன்னங்கால் எலும்பில் உதைக்கலாமா என்பது. வரைவின் 10ஆம் விதி, பந்தைக் கையிலெடுத்து ஓடுகிறவனைப் பிடிக்கலாம், இடறலாம், உதைக்கலாம் என்றது. டிசம்பரில் அதை நீக்கினார்கள். பிளாக்ஹீத் கிளப்பின் கேம்பல் கொதித்துப்போனார். உதையை எடுத்தால் ஆட்டத்தில் வீரம் ஏது, ஒரே வாரம் பழகிய பிரெஞ்சுக்காரர்களைக் கூட்டிவந்து உங்களைத் தோற்கடிப்பேன் என்றார். கிளப் விலகிப் போனது.

வேடிக்கை இனிமேல்தான். 1871இல் அதே பிளாக்ஹீத்தும் சேர்ந்து ரக்பி யூனியனைத் தொடங்கியது. அதன் முதல் விதிகளிலேயே உதைக்குத் தடை! பாயசத்தில் முந்திரி இல்லை என்று பந்தியை விட்டு எழுந்த சம்பந்தி, எட்டு வருஷம் கழித்துத் தன் வீட்டுக் கல்யாணத்தில் பாயசமே போடாத மாதிரி. அசோசியேஷன்காரர்களும் யாரையும் நம்பிவிடவில்லை. பூட்ஸ் அடியில் ஆணி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, இரும்புத் தகடு கூடாது என்று 13ஆம் விதி போட்டுக்கொண்டார்கள்.

'கால்'பந்து என்பதும் கால்வாசி உண்மைதான். 1863இன் 8ஆம் விதிப்படி, பந்தைத் தரையில் படாமல் கையால் பிடித்து, உடனே குதிகாலால் தரையில் கோடு கீறினால் ஃப்ரீ கிக், அதாவது எதிராளி குறுக்கிடாமல் உதைக்கும் வாய்ப்பு, கிடைக்கும். 1866இல் அது போயிற்று. கோல்கீப்பர் என்ற ஆள் விதிப்புத்தகத்தில் நுழைந்தது 1871இல். 1912 வரை தன் பாதி மைதானம் முழுக்க அவர் பந்தைக் கையாளலாம். பிடித்தபடி நடக்கத்தான் தடை, தட்டிக்கொண்டு ஓடலாம். வேல்ஸ் கோல்கீப்பர் ரூஸ் நடுக்கோடு வரைக்கும் தட்டிக்கொண்டே போவார். 1912இல் பெனால்டி ஏரியாவோடு, அதாவது கோலுக்கு முன்னால் உள்ள கட்டத்தோடு, கையைக் கட்டினார்கள்.

அப்புறமும் கீப்பரின் கை அடங்கவில்லை. ஒரு கோல் போட்டுவிட்டால் போதும். தடுப்பாட்டக்காரர் பின்னால் உருட்டுவார், கீப்பர் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நேரத்தை ஓட்டுவார். 1990 உலகக் கோப்பையில் ஆட்டத்துக்குச் சராசரி 2.21 கோல், அவ்வளவு வறட்சி அதற்கு முன் கண்டதில்லை. 1992இல் புது விதி வந்தது: சொந்த அணிக்காரர் வேண்டுமென்றே காலால் தரும் பந்தைக் கீப்பர் கையால் தொட்டால் எதிரணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக் (உதைத்த பந்து நேரே கோலானால் செல்லாது). தலையால், மார்பால் தந்தால் தொடலாம். ஆகா என்று, பந்தைக் காலால் கெண்டித் தூக்கித் தன் தலையிலேயே முட்டிக் கீப்பருக்கு அனுப்பப் பார்ப்பவர்களும் உண்டு. அதற்கு மஞ்சள் அட்டை.