கொழும்பில் டெனர் பாடிப் பிழைக்க முடியுமா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். மனைவிக்குக் கொழும்பில் வேலை கிடைத்துச் சென்னையிலிருந்து வந்து இரண்டு மாதம். அங்கே தேவாலயத்திலும் மேடையிலும் டெனர் (மேற்கத்திய இசையில் வழக்கமான ஆண்குரல்களில் உயர்ந்தது) பாடியிருக்கிறீர்கள். இங்கே பாடியே பிழைக்கலாமா, இல்லை குரல் வகுப்பு எடுத்தே ஆகவேண்டுமா, எடுத்தால் குரல் போய்விடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் திருச்சிக்காரன், 2006-இல் வந்தேன். வெள்ளவத்தையில் இருந்துகொண்டு பாடுகிறேன், சொல்லியும் கொடுக்கிறேன்.

பாடி மட்டும் பிழைக்க முடியாது. மாதச் சம்பளத்துக்குப் பாடகர் வைத்திருக்கும் ஆப்பரா (பாட்டாலேயே நடக்கும் மேற்கத்திய நாடகம்) அரங்கு இந்த ஊரில் இல்லை. லயனல் வென்ட் அரங்கில் ஒரு கச்சேரி, தேவாலயக் கல்யாணங்கள், டிசம்பரில் கரோல் என்று எல்லாம் சேர்ந்தாலும் வாடகைக்குக் காணாது. ஆகவே வகுப்பு எடுக்கத்தான் வேண்டும். அதற்கு முன் விசாவைப் பாருங்கள். சுற்றுலா விசாவில் காசு வாங்கிச் சொல்லிக்கொடுக்கக் கூடாது. வதிவிட விசா என்றாலும் வேலை செய்ய அனுமதி உண்டா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

குரல் போகுமா என்றீர்கள். போகும், எனக்குப் போயிருக்கிறது. ஒரு டிசம்பரில் ஹாண்டலின் 'மெசையா'வுக்கு ஒத்திகை, இயேசுவைப் பற்றிப் பாடகர் குழுவும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வழங்கும் பெரிய இசைப் படைப்பு அது. அந்த இசையில் மனிதக் குரல் என்று முதலில் கேட்பது டெனரின் குரல்தான். முன்னிசை முடிந்ததும் எழுந்து நிற்கவேண்டும். மூன்றே சுரம், மெதுவாக இறங்கி வரும். அன்று காலையிலிருந்து ஏழு வகுப்பு எடுத்திருந்தேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் நானே பாடிக் காட்டினேன், பெண்பிள்ளைகளின் பாட்டைக்கூடப் பொய்க்குரலில். மாலையில் எழுந்து நின்று வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. முன்னால் வயலின் வாசித்த அம்மா வில்லை மடியில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். குரல் நாண் வீங்கியிருக்கிறது, பத்து நாள் பேசவே கூடாது என்றார் டாக்டர்.

ஏன் என்று யோசித்துப் பாருங்கள். டெனரின் உச்சமான 'சி' என்ற சுரத்தில் நாண்கள் நொடிக்கு 523 தடவை மோதுகின்றன. நம் கர்நாடக இசையில் ஒரு கட்டைச் சுருதி வைத்தால் மேல் 'ஸ'வுக்கும் மேலே உள்ள அடுத்த 'ஸ' அது. அந்த வேலையைச் செய்கிற நாண்களை வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பாடிக் காட்டலாமா? இப்போது ஒரு நாளைக்கு நாலு வகுப்புக்கு மேல் எடுப்பதில்லை. காலையில் என் சாதகம் முதலில், பிள்ளைகள் அப்புறம். சுரத்தைப் பியானோவில் காட்டுகிறேன், பிள்ளைதான் பாடவேண்டும். வகுப்பறைக்குக் காலி வீதிப் பக்கம் ஜன்னல் வேண்டாம். 100-ஆம் இலக்க பஸ்ஸின் ஹோர்னுக்கு மேலே பேசிப் பேசியே தொண்டை போய்விடும். கடற்கரைப் பக்க ஒழுங்கை என்றால் உப்புக்காற்றில் பியானோக் கம்பி துருப்பிடிக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர் முதலில் கேட்பது "சேர், எட்டாம் கிரேட் எப்போது?" என்றுதான். லண்டன் இசை வாரியங்கள் நடத்தும் எட்டுக் கிரேட் பரீட்சைக்கு இங்கே அவ்வளவு மதிப்பு. அதை மறுக்காதீர்கள், ஆனால் அவசரப்படவும் விடாதீர்கள். பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன், பள்ளிக்கூடப் பாடகர் குழுவில் சோப்ரானோ (மிக உயர்ந்த குரல்), பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் உடைந்தது. பைலை மூடிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பரீட்சைக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. வேண்டாம் என்று தாயாரிடம் சொன்னேன், அவருக்குக் கோபம். அடுத்த எட்டு மாதம் ஐந்து சுரத்துக்குள்தான் அவனுக்குப் பாட்டு. இப்போது குழுவில் எனக்குப் பக்கத்தில் நின்று டெனர் பாடுகிறான். அவன் குரல் என் காதில் விழும் ஒவ்வொரு தடவையும் மனம் நிறைகிறது. வகுப்பு எடுப்பதை வயிற்றுப்பாட்டுக்கான வேலை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், தம்பி.

இன்னொன்று, நம் மொழி இங்கே கைகொடுக்கும். இத்தாலியத்தில் இரவுக்கு 'நொத்தே'. ஆங்கிலம் படித்த பிள்ளை 'நாட்டே' என்று ட போடும். 'பத்து' சொல்லச் சொல்லுங்கள், அதே 'த்த'தான். தமிழ்ப் பிள்ளை உடனே பிடித்துக்கொள்ளும்.

சரி, ஒரு சனிக்கிழமை காலையில் வீட்டுக்கு வாருங்கள். பிரெஞ்சு இசையமைப்பாளர் பிசேயின் 'முத்துக் குளிப்போர்' ஆப்பராவில் நாதிர் என்ற டெனர் பாத்திரம் பாடும் பாட்டைக் கொண்டுவாருங்கள். 1863-இல் பாரிசில் மேடையேறியது, கதை நடப்பதோ இந்தத் தீவில். அதைக் கத்திப் பாட முடியாது, மேல் சுரங்களை மெல்லிய குரலில் பிடிக்கவேண்டும். நாலு வரி பாடினால் போதும், உங்களுக்கு எத்தனை வகுப்பு தாங்கும் என்று சொல்லிவிடுவேன்.