வாசகர் கேள்வி – பதில்: சினைக் குதிரைக்கும் குட்டிக்கும் தடுப்பூசி

கேள்வி: ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தையில் ஐந்து மாதச் சினை என்று சொல்லப்பட்ட ஒரு மார்வாரிப் பெட்டையை வாங்கினோம். இப்போது 9-வது மாதம் முடியப்போகிறது. இதுவரை என்ன தடுப்பூசி போட்டார்கள் என்று எழுதிய சீட்டு எதுவும் எங்களிடம் இல்லை. சினையில் ஊசி போட்டால் கலைந்துவிடும் என்று ஊரில் பயமுறுத்துகிறார்கள். போடலாமா? (வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: தயங்காமல் போடுங்கள். போடாமல் விடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. மனிதக் குழந்தை தாயின் எதிர்ப்பாற்றலில் ஒரு பங்கை வயிற்றில் இருக்கும்போதே நஞ்சுக்கொடி வழியாகப் பெற்றுவிடுகிறது. குதிரையின் நஞ்சுக்கொடியோ அந்த எதிர்ப்புப் புரதங்களை உள்ளே விடுவதில்லை. ஆகவே குட்டி ஏறக்குறைய எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் பிறந்து, முதல் நாள் குடிக்கும் சீம்பாலில் இருந்துதான் அதைப் பெற்றுக்கொள்கிறது. தாயின் இரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புப் புரதங்கள் ஈனுவதற்கு முந்தைய சில வாரங்களில் மடியில் சேர்கின்றன என்பதால், அந்தச் சமயத்தில் அவை இரத்தத்தில் நிறைந்திருக்கும்படி ஈனுவதற்கு 4 முதல் 6 வாரங்களுக்கு முன்பு தாய்க்குத் தடுப்பூசி போடுகிறோம். அதாவது, தாய்க்குப் போடும் அந்த ஊசி குட்டிக்கானதும்கூட.

முதலில் கவனிக்க வேண்டியது டெட்டனஸ் எனப்படும் இரண ஜன்னி. கால்நடைகளில் இந்த நோய்க்கு மிக எளிதாக ஆட்படுவது குதிரைதான். சாணத்திலும் மண்ணிலும் இருக்கும் கிருமி, லாடம் அடிக்கும்போது ஏறிய ஆணிக் காயம் வழியாகவும், பிறந்த குட்டியின் ஈரமான தொப்புள் வழியாகவும் புகுந்துவிடும். வால் விறைத்து, காது நிமிர்ந்து, தலையைச் சற்றே தூக்கினாலும் கண்ணின் ஓரத்தில் இருந்து வெள்ளைச் சவ்வு குறுக்கே ஓடி வருவதைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். அந்த நிலையில் மருந்து கொடுத்துக் காப்பாற்றுவது மிகக் கடினம். உங்கள் குதிரையின் முன்வரலாறு தெரியாததால், இதுவரை தடுப்பூசியே போடாத குதிரையாகவே அதைக் கருத வேண்டும். குதிரையின் சினைக்காலம் சுமார் 340 நாட்கள். டெட்டனஸ் டாக்ஸாய்டு (கிருமியின் நஞ்சைச் செயலிழக்கச் செய்து தயாரிக்கும் தடுப்பூசி) ஊசியை இந்த வாரமே ஒன்றும், நான்கு வாரம் கழித்து இன்னொன்றும் போட்டால், இரண்டாவது ஊசி ஈனுவதற்கு முன் சரியான காலத்தில் விழும். நாள் தள்ள இனி இடமில்லை.

கலைந்துவிடும் என்று நீங்கள் உண்மையில் பயப்பட வேண்டியது குதிரை ஹெர்ப்பிஸ் வைரஸ்-1 என்ற கிருமிக்குத்தான். இது பெரும்பாலும் சினையின் கடைசி மாதங்களில், முன்னறிகுறி ஏதுமின்றிக் குட்டியைக் கலைத்துவிடும். இந்தக் கிருமியைச் செயலிழக்கச் செய்து தயாரித்த தடுப்பூசியை 5, 7, 9-ஆம் மாதங்களில் போடுவது வழக்கம். ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையமும் இத்தகைய தடுப்பூசி ஒன்றை உருவாக்கியிருக்கிறது. முதல் இரண்டு தவணைகள் தவறியிருந்தாலும் மூன்றாவதையாவது போட முடியுமா என்று உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். ஆனால் இந்தத் தடுப்பூசி முழுக் காப்பு தருவதில்லை. ஆகவே சந்தைக்குப் போய்வந்த குதிரையையும், புதிதாக வாங்கிய குதிரையையும் குறைந்தது மூன்று வாரம் சினைக் குதிரையோடு சேர்க்காமல் தனியாகக் கட்டுங்கள். தண்ணீர்த் தொட்டியும் வாளியும்கூடத் தனியாக இருக்கட்டும். இடப்பற்றாக்குறையைச் சொல்லிப் பலர் தட்டிக்கழிப்பது இதைத்தான், அதில்தான் எனக்குப் பெரிய வருத்தம்.

கேள்வி: எங்கள் குட்டிக்கு இரண்டு மாதம் ஆகிறது. ஈனுவதற்கு ஒரு மாதம் முன்பு தாய்க்கு டெட்டனஸ் ஊசி போட்டோம். குட்டிக்கும் இப்போதே எல்லா ஊசிகளையும் போட்டுவிட்டால் கவலை இல்லை அல்லவா? (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: அவசரப்பட வேண்டாம். தாய் தந்த எதிர்ப்புப் புரதங்கள் குட்டியின் இரத்தத்தில் இருக்கும் வரை, நாம் போடும் தடுப்பூசியை அவை மடக்கிவிடும். ஊசி போட்டாகிவிட்டது என்று நாம் நம்பியிருப்போம், குட்டியின் உடலோ எதையும் கற்றுக்கொண்டிருக்காது. உங்கள் குட்டிக்கு 4 முதல் 6 மாதத்துக்குள் டெட்டனஸ் முதல் ஊசியும், அதிலிருந்து 4 முதல் 6 வாரத்தில் இரண்டாவதும், 10 முதல் 12 மாதத்தில் மூன்றாவதும் போடுங்கள். மூன்றாவது ஊசியை மறந்துவிடுபவர்கள்தான் அதிகம். குதிரைக் காய்ச்சல் என்ற இன்ஃபுளுயன்சாவுக்கு ஆறு மாதம் நிறைந்த பிறகே தொடங்க வேண்டும். 1987-லும் 2008-லும் இந்நோய் இந்தியாவில் பெரிதாகப் பரவியது என்பதால், சந்தைக்கும் கண்காட்சிக்கும் போகும் குதிரைகளுக்கு இதைத் தவிர்க்கக் கூடாது. தெருநாய்கள் நடமாடும் நம் ஊர்களில் ரேபிஸ் ஊசியும் கட்டாயம் தேவை. தாய்க்கு அந்த ஊசி போட்டிருந்தால் குட்டிக்கு ஆறு மாதத்தில் முதல் ஊசியையும் அடுத்த 4 முதல் 6 வாரத்தில் இரண்டாவதையும் போடலாம். தாய்க்குப் போடவில்லை என்றால் இன்னும் முன்னதாகத் தொடங்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: தாய்க்கு எந்த ஊசியும் போடாமல் நேற்று இரவு குட்டி பிறந்துவிட்டது. இனி என்ன செய்வது? (வாசகர், தாராபுரம்)

பதில்: குட்டிக்கு டெட்டனஸ் எதிர்நஞ்சு (எதிர்ப்புப் புரதங்களையே நேராகத் தரும் மருந்து) ஊசியை மருத்துவரைக் கொண்டு உடனே போடச் செய்யுங்கள். அதன் காப்பு சில வாரங்களுக்கே நிற்கும் என்பதால், டாக்ஸாய்டு ஊசிகளை 1 முதல் 4 மாதத்துக்குள் தொடங்கி நான்கு வார இடைவெளியில் மூன்றாகப் போட வேண்டும். ஈன்ற தாய்க்கும் அதே எதிர்நஞ்சைச் சேர்த்துப் போடச் சொல்லாதீர்கள். அரிதாகவே நேர்ந்தாலும், குதிரை இரத்தத்தில் இருந்து எடுக்கும் அந்த மருந்துக்குப் பிறகு, குறிப்பாகப் பால் கொடுக்கும் குதிரைகளில், கல்லீரல் கெட்டு உயிர் போன நிகழ்வுகள் உண்டு. எந்தக் காயமும் இல்லாத தாய்க்கு டாக்ஸாய்டு போதும்.

இன்னும் முக்கியமானது சீம்பால். குட்டி ஒரு மணி நேரத்தில் எழுந்து நின்று, இரண்டு மணி நேரத்தில் மடியைப் பிடித்திருக்க வேண்டும். எதிர்ப்புப் புரதங்களை உறிஞ்சும் ஆற்றல் குடலுக்கு முதல் சில மணி நேரத்தில்தான் மிகுதி, 24 மணி நேரத்தில் அது அற்றுப்போகும். ஈனுவதற்குப் பல நாள் முன்பே மடியில் பால் ஒழுகியிருந்தால் சீம்பால் வீணாகியிருக்கும் என்று எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். இன்றே குட்டியின் இரத்தத்தில் ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்புப் புரதத்தின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். அது டெசிலிட்டருக்கு 800 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நல்லது. 400-க்குக் கீழே போயிருந்தால் இனிச் சீம்பால் புகட்டிப் பயனில்லை, இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை ஏற்றித்தான் ஈடுசெய்ய வேண்டும்.

கேள்வி: தடுப்பூசி மருந்தைக் கடையில் வாங்கி வைத்துக்கொண்டு, மருத்துவர் வரும் நாளில் போட்டுக்கொள்ளலாமா? (வாசகர், உடுமலைப்பேட்டை)

பதில்: 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க முடியுமானால் வைக்கலாம். குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைத்துவிடாதீர்கள், உறைந்துபோன டாக்ஸாய்டு பயன்படாது. கடையில் இருந்து வரும்போதும் பனிக்கட்டி போட்ட பெட்டியில், மருந்துக் குப்பி பனிக்கட்டியை நேராகத் தொடாமல் ஒரு துணி சுற்றி எடுத்து வாருங்கள்.