மரத்தைத் தொட விடமாட்டார்களாமே?

கேள்வி: என் மகன் ஜப்பானில் ஃபுகுவோகா நகரில் வேலை பார்க்கிறான். வரும் மே மாதம் அவனிடம் போகிறேன். அந்நாட்டின் யாக்குஷிமா தீவில் இருக்கும் ஜோமோன் சுகி என்ற மிகப் பழைய சீடர் மரத்தைப் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. எனக்கு வயது 58. போக வரப் பத்து மணி நேரம் நடக்க வேண்டுமாம். அப்படிப் போயும் மரத்தைத் தொட விடமாட்டார்களாமே! "இதற்கா இவ்வளவு பாடு?" என்கிறான் மகன். போய் வந்தவர் என்ற முறையில் நீங்கள் சொல்லுங்கள்.
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: போய் வாருங்கள், சகோதரி. தொட முடியாது என்பதற்காக மட்டும் விட்டுவிடாதீர்கள். 1966இல் இந்த மரம் வெளியுலகுக்குத் தெரியவந்ததும் கூட்டம் குவிந்தது. மரம் நன்றாகத் தெரியட்டும் என்று சுற்றியிருந்த செடிகொடிகளை வெட்டினார்கள். அந்தத் தீவில் கொட்டும் மழையைப் பற்றிக் கேட்க வேண்டாம். பிடிமானம் போன மண் கரைந்து வேர்கள் வெளியே வந்துவிட்டன. 1996இல் மேடை கட்டி மக்களைத் தள்ளி நிறுத்தியது அதனால்தான். தள்ளி நின்றாலும் 25 மீட்டர் உயரமும் 16 மீட்டர் சுற்றளவும் கண்ணில் அடங்குவதில்லை. அடிமரம் முழுக்க முண்டும் முடிச்சும் முறுக்கும். அந்த முறுக்குதான் அதைக் காப்பாற்றியது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்தக் காலத்தில் அங்கே நேராகப் பிளக்கும் மரங்களைத் தேடித் தேடி வெட்டி, கூரைப் பலகையாக்கி, தீவை ஆண்ட சத்சுமா ஆட்சியாளர்களுக்கு வரியாகக் கட்டினார்கள். கோணலானவை கோடரிக்குத் தப்பின.

இனி நடை. அரகாவா மலைவாசலிலிருந்து போக வர 22 கிலோமீட்டர். முதல் எட்டு கிலோமீட்டருக்கு மேல், மரம் ஏற்றிப் போன பழைய ரயில் பாதை. ஏற்றம் அதிகமில்லை. ஆனால் கைப்பிடி இல்லாத பாலங்கள் உண்டு. மழையில் நனைந்த கட்டைகளில் கால் வழுக்கும். வழியில் கொசுகிதானி என்ற ஊர் இருந்த இடத்தைக் காண்பீர்கள். மரம் வெட்டும் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த ஊர், 1970இல் காலியாகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் உண்மையான ஏற்றம். படிக்கட்டும் வேரும் பாறையுமாகக் கடைசி இரண்டரை கிலோமீட்டர் முழங்காலைச் சோதிக்கும். அந்த ஏற்றத்தின் தொடக்கத்திலேயே வில்சன் அடிக்கட்டை வந்துவிடும். 1914இல் இங்கு வந்த தாவரவியலாளர் வில்சனின் பெயர் அதற்கு. பல நூற்றாண்டுகளுக்கு முன் வெட்டப்பட்ட மரத்தின் குடைந்த அடிப்பாகம் அது. உள்ளே ஒரு சிறு கோயில். காலடியில் ஊற்றுநீர் ஓடும். ஒரு மூலையில் குனிந்து நின்று அண்ணாந்து பார்த்தால் மேல் திறப்பு இதய வடிவில் தெரியும். அதைப் படம் பிடிக்கத்தான் எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள். நீங்கள் கட்டையின் உள்சுவரைப் பாருங்கள். பிசின் நிறைந்த மரம் என்பதால் இத்தனை மழையிலும் உளுத்துக் கொட்டாமல் நிற்கிறது.

மார்ச் முதல் நவம்பர் வரை அரகாவாவுக்குச் சொந்தக் கார் போகக் கூடாது. விடியுமுன் பஸ் பிடிக்க வேண்டும். டிக்கெட்டை முந்தைய நாளே வாங்கிவிடுங்கள். தங்கும் விடுதியில் சொல்லிவைத்தால் காலை, மதியச் சாப்பாட்டைப் பொட்டலமாகக் கட்டித் தருவார்கள். நெற்றியில் கட்டும் டார்ச்சும் நல்ல மழைக்கோட்டும் கட்டாயம்; குடை உதவாது. ஏற்றம் தொடங்கும் இடத்தைக் காலை பத்து மணிக்குள் எட்டாவிட்டால் அங்கிருந்தே திரும்பிவிடுங்கள். இதில் மகன் சொன்னாலும் கேட்காதீர்கள். மே மாத முதல் வாரம் ஜப்பானில் தொடர் விடுமுறை, கூட்டம் நெரியும். ஜூனில் மழை உச்சம். மே நடுவில் போவது உத்தமம். இப்போதிருந்தே வாரம் ஒருமுறை திருச்சி மலைக்கோட்டை ஏறி இறங்குங்கள். இறங்கும்போது முழங்கால் வலித்தால் மருத்துவரைக் கேட்காமல் கிளம்பாதீர்கள். அப்படி முடியாமல் போனால் கிகென் சுகி இருக்கிறது. மூவாயிரம் ஆண்டு என்று மதிப்பிடப்பட்ட மரம், பஸ்ஸை விட்டு இறங்கினால் சாலையோரத்திலேயே நிற்கிறது.

கேள்வி: ஜோமோன் சுகிக்கு வயது 7,200 என்கிறார்களே, உண்மையா?
- வாசகர், விருதுநகர்

பதில்: நான் நம்பவில்லை. அது அடிமரத்தின் பருமனை வைத்துப் போட்ட கணக்கு. ஏறத்தாழ 7,300 ஆண்டுகளுக்கு முன் பக்கத்துக் கடலில் கிகாய் எரிமலை வெடித்து, அதன் கொதிக்கும் வாயுவும் சாம்பலும் இந்தத் தீவையும் தாக்கின. அந்த அழிவு நடந்து நூறே ஆண்டில் இந்த மரம் முளைத்தது என்பதை ஏற்க மனம் வரவில்லை. மரத்தின் நடுப்பகுதி பொந்தாகிவிட்டதால் வளையம் எண்ண வழியில்லை. எஞ்சிய மரத்தைச் சோதித்ததில் 2,170 ஆண்டுகள் வரை தெரிந்திருக்கிறது. பொந்தாகிப் போன பகுதி அதைவிட மூத்தது என்பதால், 2,170க்குக் குறையாது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.