வளையத்தைத் திருகும் முன்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தில் பயணக் குறிப்புகளோடு வரும் படங்களை விடாமல் பார்க்கிறவன் நான். ஏழு மாதங்களுக்கு முன் ஏபிஎஸ்-சி என்ற சிறிய சென்சார் உள்ள கேமராவும் 18-200 மி.மீ. ஜூம் லென்ஸும் வாங்கினேன். ஒரே லென்ஸ் எல்லாவற்றுக்கும் போதும் என்ற நினைப்புதான். அடுத்த மாதம் குடும்பத்தோடு பத்து நாள் பயணம். இந்த நேரம் பார்த்து நண்பர்கள் குழப்புகிறார்கள். 'அதை விற்றுவிட்டு 35 பிரைம் வாங்கு' என்கிறார் ஒருவர், ஜூம் ஆகாமல் 35 மி.மீ.-இலேயே நிற்கும் லென்ஸாம். இன்னொருவர் மூன்று லென்ஸ்களுக்குப் பட்டியலே போட்டுக் கொடுத்துவிட்டார். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதோ என்று தோன்றுகிறது. 200-இல் எடுக்கும் படங்கள் மங்கலாகத்தான் வருகின்றன. மாலையில் வீட்டுக்குள் மகளை எடுத்தால் அவள் முகம் இழுபட்டுப் போகிறது. கோளாறு என்னிடமா, லென்ஸிடமா?

கே.

அன்புள்ள கே.,

விற்காதீர்கள். பயணம் முடிந்து திரும்பும்வரையாவது விற்காதீர்கள்.

200-இல் மங்கும் விஷயத்தை முதலில் பார்ப்போம். அந்தப் படங்களில் நாலைந்தைத் திறந்து, ஷட்டர் வேகம் என்ன என்று பாருங்கள். 1/60, 1/80 விநாடி என்று இருந்தால் லென்ஸைத் திட்டுவதில் பயனில்லை. கையில் பிடித்து எடுக்கும்போது குவிய நீளத்தின் (லென்ஸின் மி.மீ.) எண்ணைவிட ஷட்டர் வேகம் குறையக்கூடாது என்பது பழைய கணக்கு. உங்கள் சென்சார் சிறியது என்பதால் 200 என்பது 35 மி.மீ. ஃபிலிம் கேமராவில் கிட்டத்தட்ட 300-க்குச் சமம். ஆகவே 1/300-க்குக் கீழே போனால் கை நடுக்கம் படத்தில் தெரியும். ஆட்டத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே என்பீர்கள். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் தாங்கும், எதிரே ஓடுகிற குழந்தையை நிறுத்தி வைக்காது.

இதை உறுதி செய்ய ஒரு சோதனை. எழுத்துகள் அச்சிட்ட தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டுங்கள். கேமராவை மேசைமேல் அசையாமல் வைத்து, ஸ்டெபிலைசேஷனை அணைத்து, 2 விநாடி டைமர் போட்டு, 200-இல் ஒன்று லென்ஸின் துளையை முழுக்கத் திறந்தும் இன்னொன்று எஃப் 8-இலும் எடுங்கள் (எஃப் எண் ஏற ஏறத் துளை சுருங்கும்). இரண்டிலும் எழுத்து பளிச்சென்று இருந்தால் கோளாறு கையில். இரண்டுமே மங்கலாக இருந்தால் லென்ஸைச் சந்தேகப்படலாம். எஃப் 8-இல் மட்டும் நன்றாக இருந்தால் அது இந்த வகை லென்ஸின் சுபாவம், வெளிச்சம் உள்ள இடத்தில் எஃப் 8-இலேயே எடுத்துப் பழகுங்கள். உச்சி வெயிலில் தொலைவிலுள்ள மலையை 200-இல் இழுத்து எடுத்துவிட்டு மங்கல் என்றால் மட்டும் நான் உங்கள் கட்சியில்லை. சூடான காற்று நடுவில் அலையடிக்கிறது, எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸும் அதைத் தாண்டிப் பார்க்காது.

லென்ஸுக்கு குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. 35 மி.மீ. ஃபிலிம் ஸ்டில் கேமராவுக்கு வணிக ரீதியாக வந்த முதல் ஜூம், 1959-இல் வெளியான வோய்க்லேண்டர் ஸூமார். அது 36-இலிருந்து 82 வரை, இரண்டு மடங்குக்குச் சற்று மேல். உங்களுடையது பதினோரு மடங்கு. அத்தனையையும் ஒரே குழாய்க்குள் அடைத்தால் எங்காவது விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். 18-இல் நேர்கோடுகள் வெளிப்பக்கம் உப்பும், ஜூம் செய்யச் செய்ய உள்பக்கம் வளையும். இவற்றைப் பெரும்பாலும் கேமராவே திருத்திவிடுகிறது. திருத்த முடியாதது வெளிச்சக் குறைவு.

அங்கேதான் 35 பிரைம் சொன்ன நண்பர் ஜெயிக்கிறார். 35-இல் உங்கள் ஜூமின் துளை அதிகபட்சம் எஃப் 4.5 அளவுக்குத்தான் திறக்கும். எஃப் 1.8 பிரைம் அதைவிட ஆறு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். மாலையில், வீட்டுக்குள், சும்மா இருக்காத குழந்தை என்றால் அந்த ஆறு மடங்கு பெரிய விஷயம். அதுவரை, மகளை ஜன்னல் பக்கம் விளையாட விட்டு, ஜூமை 18-20 அளவில் வைத்து, ஷட்டரை 1/250-க்கு ஏற்றி, சென்சாரின் ஒளியுணர்வைக் காட்டும் ஐஎஸ்ஓ 3200 ஆனாலும் ஆகட்டும் என்று விடுங்கள். படத்தில் புள்ளி புள்ளியாக வந்தால் பிறகு குறைத்துக்கொள்ளலாம். இழுபட்ட முகத்தை எதைக் கொண்டும் மீட்க முடியாது. ஆக, 35-ஐ ஒருநாள் வாங்குங்கள். ஜூமை விற்றுவிட்டு அல்ல, அதோடு சேர்த்து.

மூன்று லென்ஸ் பட்டியல்காரருக்கு என் அனுபவமே பதில். ஒரு பயணத்தில் அப்படி மூன்றைச் சுமந்தேன். காற்றடிக்கும் கடற்கரையில் லென்ஸ் மாற்றினேன், சென்சாரில் ஒரு தூசி உட்கார்ந்தது. அடுத்து எடுத்த அத்தனை வானத்திலும் ஒரே இடத்தில் ஒரு கரும்புள்ளி. வீடு திரும்பிப் பெரிய திரையில் பார்க்கும்வரை தெரியவில்லை. கூட வந்தவர்களோ இரண்டாம் நாளே 'நீங்கள் மாட்டிக்கொண்டு வாருங்கள், நாங்கள் போய்க்கொண்டிருக்கிறோம்' என்று நடையைக் கட்டிவிட்டார்கள்.

சரி, உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன், எனக்கு இதுதான் முக்கியம். எடுத்த படங்களில் எது எத்தனை மி.மீ.-இல் எடுத்தது என்று எண்ணிப் பாருங்கள், ஒவ்வொரு படத்திலும் அந்தத் தகவல் பதிந்திருக்கும். நான் இப்படி எண்ணியபோது வெட்கமாகப் போய்விட்டது. பாதிக்கு மேல் 18 அல்லது 200. நடுவே இருந்த எண்கள் காலி மனைகள். காரணம் எளிது. எங்கே நின்றேனோ அங்கேயே நின்றபடி, கொள்ளவில்லை என்றால் இந்தக் கோடிக்கும், எட்டவில்லை என்றால் அந்தக் கோடிக்கும் ஜூம் வளையத்தைத் திருகியிருக்கிறேன். கால்கள் வேலையே செய்யவில்லை.

ஜூம் செய்வதும் கிட்டப் போவதும் ஒன்றல்ல. மனைவியை மலைப் பின்னணியில் நிறுத்தி எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மீட்டர் தொலைவில் நின்று 20-இல் எடுத்தால் அவர் பெரிதாக இருப்பார், மலை அவர் தோளுக்குப் பின்னால் எறும்புப் புற்று மாதிரி கிடக்கும். பத்து மீட்டர் தொலைவுக்குப் பின்னால் போய் 100-இல் எடுங்கள். அவர் அதே அளவில்தான் இருப்பார், மலை ஐந்து மடங்கு எழுந்து நிற்கும். மலையை எழுப்பியது லென்ஸ் அல்ல, நீங்கள் பின்னால் நடந்த எட்டு மீட்டர். அங்கிருந்து எவ்வளவை வெட்டி எடுப்பது என்பது மட்டும்தான் வளையத்தின் வேலை. ஆகவே முதலில் எங்கே நிற்பது என்று முடிவு செய்யுங்கள், அப்புறம் திருகுங்கள். இதே காரணத்தால்தான் முகத்தை 18-இல் நெருங்கி எடுத்தால் மூக்கு முன்னால் வந்து நிற்கிறது. 60, 70-க்குப் போய் நாலு அடி தள்ளி நில்லுங்கள், எடுக்கப்படுகிறவர் உங்களோடு பேசுவார்.

பயணத்துக்கு முன் ஒரு காலைப்பொழுது முழுக்க 35-ஐ விட்டு நகர்த்துவதில்லை என்று வளையத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டு நடந்து பாருங்கள். நண்பர் சொன்ன 35 உங்களுக்கு ஒத்துவருமா என்பதும் செலவில்லாமல் தெரிந்துவிடும்.

சில்லறை விஷயங்கள்: எஃப் 16-க்கு மேல் துளையைச் சுருக்காதீர்கள், கூர்மை குறையும். கழுத்தில் தொங்கும்போது இந்த லென்ஸ்கள் யானைத் தும்பிக்கை போல் தானாக நீண்டுகொள்ளும், பக்கவாட்டில் பூட்டு இருக்கிறதா பாருங்கள்.

சுவரில் ஒட்டிய தாளின் படம் இரண்டையும், உங்கள் மி.மீ. கணக்கையும் அனுப்புங்கள். நடுவே எத்தனை மனை காலி என்று பார்ப்போம்.