கரீபியன் தீவுக்குப் போய், கடலில் இறங்காமல் நடந்து பார்க்க என்ன இருக்கிறது?

கேள்வியில் நீங்கள் சொன்னது இது: உங்களுக்கும் மனைவிக்கும் நீச்சல் வராது, படகில் ஏறினால் வயிற்றைப் புரட்டும், ஆனால் இருவருமே மலையேறிப் பழகியவர்கள். கரீபியனில் ஐந்து நாள் கிடைத்தால் எந்தத் தீவுக்குப் போகலாம், அங்கே தரையில் என்ன பார்க்கலாம்? நான் யோசிக்காமல் சொல்வேன், டொமினிக்காவுக்குப் போங்கள். டொமினிக்கன் குடியரசு வேறு நாடு. டிக்கெட் எடுக்கும்போது இந்தப் பெயர்க் குழப்பத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள். நான் சொல்வது குவாதலூப்புக்கும் மார்ட்டினிக்குக்கும் நடுவில் இருக்கும், தலைநகர் ரோசோவைக் கொண்ட சின்னத் தீவு.

சுமார் 750 சதுர கிலோமீட்டர்தான். நீளம் 47 கிலோமீட்டர். அந்த அளவுக்குள் 1,447 மீட்டர் உயரமான மோர்ன் டயப்லோட்டன் மலை, ஒன்பது எரிமலைகள், வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று என்று ஊர்க்காரர்கள் பெருமையோடு சொல்லும் ஆறுகள், எல்லாம் இருக்கின்றன. சமதளம் என்று சொல்ல அதிகம் கிடையாது. பார்படோஸையும் ஆன்டிகுவாவையும் போல முழுத் தீவையும் கரும்புத் தோட்டமாக்க இங்கே யாராலும் முடியவில்லை. அதனால் காடு தப்பித்தது. தோட்டங்களிலிருந்து தப்பி ஓடிய அடிமைகள் மலைக்குள் ஊர் அமைத்து ஆண்டுக்கணக்கில் போராட முடிந்தது. ஐரோப்பியர் வருவதற்கு முன்பே இங்கே இருந்த கலினாகோ மக்கள் இன்றும் தங்கள் மண்ணில் இருக்கிறார்கள். வெள்ளை மணல் கடற்கரையைத் தேடுகிறவர்கள் இந்தத் தீவில் ஏமாந்து போவார்கள். நடக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல தீவு கரீபியனில் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

உங்களால் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், கொதிக்கும் ஏரிக்குப் போங்கள். மோர்ன் துவா பித்தோன் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. 1975இல் அமைத்த பூங்கா, 1997இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. லோடா கிராமத்துக்கு அருகில் டிட்டூ கோர்ஜ் என்ற இடத்தில் பாதை தொடங்குகிறது. போய்வர சுமார் 13 கிலோமீட்டர். தூரத்தைப் பார்த்து எளிது என்று நினைக்க வேண்டாம். பாதை நேராகப் போவதே இல்லை, ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். நல்ல நடைக்காரருக்கும் ஆறேழு மணி நேரம் ஆகும்.

முதல் ஒரு மணி நேரம் அடர்ந்த காட்டுக்குள் போகும். மரக்கட்டைகளைப் பதித்துப் படி கட்டியிருக்கிறார்கள், மழையில் அவை வழுக்கும். பிரேக்ஃபாஸ்ட் ஆறு என்ற ஓடை வரும்போது எல்லோரும் உட்கார்ந்து ஏதாவது சாப்பிட்டு, பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக்கொள்வார்கள். அதைத் தாண்டியதும் மோர்ன் நிக்கோல்ஸ் முகடு வரை மூச்சு வாங்கும் ஏற்றம். மேலே போனால் மரங்கள் குட்டையாகி, காற்று ஆளைத் தள்ளும். மேகம் விலகினால் தூரத்தில் ஏரியின் நீராவி வெள்ளையாக எழும்புவது தெரியும்.

அங்கிருந்து செங்குத்தாகக் கீழே இறங்கினால் ‘பாழ்நிலப் பள்ளத்தாக்கு’. அதுவரை பச்சையைத் தவிர வேறு எதையும் பார்க்காத கண்ணுக்கு முன்னால் திடீரென்று சாம்பல், மஞ்சள், துரு நிறத்தில் பாறைகள். புல்கூட அரிது. கந்தக நாற்றம் மூக்கில் ஏறும். தரையில் எங்கே பார்த்தாலும் ஓட்டைகள், அவற்றிலிருந்து ஆவி சீறுகிறது. ஒரு ஓடை பால் நிறம், பக்கத்து ஓடை கறுப்பு. வழிகாட்டிகள் கொதிக்கும் ஊற்றில் முட்டை வேகவைத்துக் கொடுப்பதுண்டு. 1880இல் இந்தப் பள்ளத்தாக்கில் நீராவி வெடிப்பு ஒன்று நடந்து, சாம்பல் ரோசோ வரை பறந்திருக்கிறது. மேலே கெட்டித் தரை மாதிரி தெரிகிற இடம் உள்ளே வெறும் கொதிசேறாக இருக்கலாம். வழிகாட்டி கால் வைத்த இடத்தில்தான் நீங்களும் கால் வைக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் நான் மிகவும் கறாராகச் சொல்வேன்: வழிகாட்டி இல்லாமல் இந்தப் பாதையில் போகாதீர்கள். லோடாவிலேயே வழிகாட்டிகள் இருக்கிறார்கள், தங்கும் விடுதியில் சொன்னால் ஏற்பாடு செய்துவிடுவார்கள். அந்தப் பணமும் அந்தக் கிராமத்திலேயே தங்கும்.

ஏரி சுமார் 60 மீட்டர் அகலம். எரிமலை ஆவி வெளியேறும் துவாரத்தின் மேல் தண்ணீர் தேங்கி நிற்கிறது என்பதுதான் விஷயம். அடியிலிருந்து வரும் ஆவி, மழையாலும் ஓடையாலும் சேரும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டே இருக்கிறது. கரையோரத்தில் அளந்தபோதே 82 முதல் 91 டிகிரி செல்சியஸ் வரை காட்டியிருக்கிறது. நடுவில் யாரும் அளக்கவில்லை, அங்கே தண்ணீர் குமுறிக்கொண்டிருக்கிறது. எப்போதும் ஒரே மாதிரி இருக்கும் ஏரியும் இல்லை. 2004 கடைசியில் தண்ணீர் மட்டம் சட்டென்று இறங்கி, கொதிப்பு நின்று, சில மாதம் கழித்துப் பழைய நிலைக்குத் திரும்பியது. விளிம்பில் நின்று பார்க்கும்போது சில நேரம் ஆவியைத் தவிர எதுவும் தெரியாது. காத்திருங்கள், காற்று திரும்பும்.

உங்கள் மனைவி வெள்ளி மெட்டியோ கொலுசோ அணிந்திருந்தால் அன்று அறையிலேயே கழற்றி வைத்துவிடச் சொல்லுங்கள். கந்தக வாயுவில் வெள்ளி கறுத்துவிடும். திரும்பி வந்ததும் டிட்டூ கோர்ஜின் குறுகிய பாறை இடுக்குக்குள் நீந்திப் போவது எல்லோருடைய வழக்கம். உங்களுக்கு அது வேண்டாம். அதற்குப் பதில் வாட்டன் வேவன் கிராமத்துக்குப் போய் வெந்நீர் ஊற்றுத் தொட்டியில் உட்காருங்கள். தொட்டி ஆழம் இல்லை, நீச்சல் தேவையில்லை. முழங்கால் வலி அதில் பாதி கரைந்துவிடும்.

ஏரியைப் பார்த்த மறுநாள் உடம்பு கொஞ்சம் கெஞ்சும். அன்றைக்கு ட்ரஃபால்கர் அருவி சரியாக இருக்கும். நுழைவாயில் அலுவலகத்திலிருந்து பத்து பதினைந்து நிமிட நடையில் இரட்டை அருவியை மேடையில் நின்றே பார்க்கலாம். எமரால்டு பூலும் அப்படித்தான், சின்ன நடை, அழகான இடம். சுற்றுலாக் கப்பல் வந்த நாளில் நடுப்பகலில் போனால் மட்டும் கூட்டம்தான் தெரியும். உண்மையான நடை வேண்டுமென்றால் மிடில்ஹாம் அருவி. ஏற்ற இறக்கத்தோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தால், 60 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே வீச்சாக விழும் அருவியின் எதிரில் நிற்பீர்கள்.

விக்டோரியா அருவி தென்கிழக்கில், டெலிசஸ் ஊர்ப்பக்கம். அதற்குத் தண்ணீர் தரும் ஒயிட் ரிவர், கொதிக்கும் ஏரியிலிருந்துதான் புறப்பட்டு வருகிறது. தாதுக்கள் கரைந்து வருவதால் பால் கலந்தாற்போல் இருக்கும். மேலே ஏரியைப் பார்த்தவருக்கு இங்கே அதே தண்ணீரை மறுபடி சந்திக்கும் மகிழ்ச்சி தனி. ஆனால் ஆற்றைப் பல முறை கடந்து, பாறை மேல் தவழ்ந்து போக வேண்டும். மலையில் மழை பெய்தால் நிமிடங்களில் ஆறு ஏறிவிடும். முந்தின நாள் மழை இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஒரு முழு நாளைக் கிழக்குக் கரைக்கு ஒதுக்குங்கள். கலினாகோ மக்களுக்கென்று 1903இல் பிரித்துக் கொடுத்த 3,700 ஏக்கர் நிலம் அங்கே இருக்கிறது. கலினாகோ பரானா ஔத்தே என்ற மாதிரிக் கிராமத்தில் அந்த ஊர்க்காரர்களே சுற்றிக் காட்டுகிறார்கள். லாரூமா நாணலில் பின்னும் கூடைகளைப் பாருங்கள், முடிந்தால் ஒன்று வாங்குங்கள். மரவள்ளிக்கிழங்கைத் துருவி, பிழிந்து, பெரிய இரும்புத் தட்டில் சுட்டுத் தரும் ரொட்டி சூடாகக் கிடைக்கும். சினெக்கூவில் எரிமலைக் குழம்பு உறைந்து படிக்கட்டு போலக் கடலுக்குள் இறங்கும் இடம் ஒன்று உண்டு. கடலிலிருந்து ஒரு மாபெரும் பாம்பு அதன் வழியே ஏறி வந்ததாக அவர்கள் கதை சொல்கிறார்கள். பாம்பு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். செயின்ட் லூசியாவிலும் மார்ட்டினிக்கிலும் கொடிய விரியன் உண்டு, டொமினிக்காவில் விஷப்பாம்பே கிடையாது. புதர் ஓரமாக நடக்கும்போது இது எவ்வளவு நிம்மதி என்று மலையேறுகிறவருக்குத் தெரியும்.

வடக்கே போனால் சிண்டிகேட் காட்டுப்பாதை. சுலபமான சுற்று நடை, நாட்டுக் கொடியில் இருக்கும் சிசெரூ கிளிக்காக அதிகாலையில் போக வேண்டும். 2017 செப்டம்பர் 18 இரவு மரியா புயல் ஐந்தாம் வகை வலுவோடு இந்தத் தீவைத் தாக்கி மரங்களை மொட்டையாக்கியது, கிளிகளையும் மோசமாகப் பாதித்தது. அதனால் சிசெரூவைப் பார்த்தே தீருவீர்கள் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அதன் சின்ன உறவான ஜாக்கோ கிளி கண்ணில் பட வாய்ப்பு அதிகம். பக்கத்தில் போர்ட்ஸ்மவுத் ஊரை ஒட்டிய கேப்ரிட்ஸ் முனையில் ஷெர்லி கோட்டை இருக்கிறது. 1802இல் அங்கே பிரிட்டிஷ் படையின் கறுப்பினச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அடக்கப்பட்டார்கள், ஆனாலும் 1807இல் பிரிட்டிஷ் படையிலிருந்த அடிமைச் சிப்பாய்கள் எல்லோரும் விடுதலை பெற்றார்கள். பீரங்கி மேடைகளைத் தாண்டி, மரங்கள் விழுங்கிவிட்ட கட்டடங்கள் வரை ஏறிப் பாருங்கள்.

தெற்கே ஸ்காட்ஸ் ஹெட்டிலிருந்து வடக்கே கேப்ரிட்ஸ் வரை 185 கிலோமீட்டர், 14 பகுதிகளாக வைதுக்குபூலி தேசியப் பாதையும் இருக்கிறது. ஐந்து நாளில் முழுதும் நடக்க முடியாது. முதல் பகுதியை மட்டும் நடந்தால், ஒரு பக்கம் அட்லாண்டிக், மறுபக்கம் கரீபியன் என்று இரண்டு நீரும் ஒரு குறுகிய நிலத்தின் இருபுறம் நிற்பதைப் பார்க்கலாம். புறப்படும் முன் அந்தப் பகுதி திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், மண்சரிவு இங்கே சாதாரணம்.

ஜனவரி முதல் மே வரை வாருங்கள். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். எந்த மாதமானாலும் உள்மலையில் மழை உண்டு, நனையத்தான் போகிறீர்கள். பிடிப்புள்ள ஷூ, மாற்றுச் சாக்ஸ், போனுக்கு ஒரு பிளாஸ்டிக் பை போதும். ராணுவ உடை போன்ற புள்ளிபோட்ட பேன்ட், தொப்பி எதுவும் எடுத்து வராதீர்கள், இங்கே பொதுமக்கள் அதை அணிவது சட்டவிரோதம். வண்டி நம் ஊர் போல இடப்பக்கம் ஓடும், ஆனால் வளைவுகள் அதிகம். பயண வாந்தி வரும் ஆளென்றால் முன்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். சைவச் சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். சேப்பங்கிழங்கு, வள்ளிக்கிழங்கு, வாழைக்காய், ஈரப்பலா எல்லாம் தினசரி உணவு, ரஸ்தாஃபாரியர் நடத்தும் கடைகளில் இறைச்சி இல்லாத சாப்பாடே கிடைக்கும். கல்லாலு என்ற கீரை சூப்பில் மட்டும் நண்டோ இறைச்சியோ இருக்கிறதா என்று கேளுங்கள்.

கப்பலில் வந்து ஒரு பகல் மட்டும் இறங்குகிறவர்கள் இதைப் படித்தால்: கொதிக்கும் ஏரியை முயலாதீர்கள், நேரம் நெருக்கி ஓடினால் அந்த வழுக்குப் படிகளில்தான் கால் போகும். மிடில்ஹாம் அருவியும் வாட்டன் வேவனும் ஒரு பகலுக்கு நிறைவாக இருக்கும்.

கடைசியாக, வரும் வழி. குவாதலூப்பிலிருந்து பயணிகள் படகு உண்டு, உங்கள் வயிறு அதை ஏற்காது, விமானத்திலேயே வாருங்கள். ஆனால் பயணத்தில் ஒரு நாள் குவாதலூப்பில் நிற்க முடிந்தால், கப்பெஸ்தர் ஊரில் சாங்ஜி கோயிலின் கோபுரத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். 1854 முதல் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகக் கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுபோகப்பட்ட நம்மவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே இருக்கிறார்கள். அது பிரான்சின் பகுதி என்பதால் விசா விதிகளை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.