கொடுப்பனவு விண்ணப்பம் எங்கே நிற்கிறது?

மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

என் கணவர் தென்னையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே இயக்கமில்லாமல் இருக்கிறார். விண்ணப்பம் கொடுத்து ஒன்றரை வருடமாகிறது. போகும்போதெல்லாம் "மேலிடத்திலிருந்து இன்னும் வரவில்லை" என்கிறார்கள். நிராகரித்துவிட்டார்களா?
*வாசகி, படுவான்கரை*

நிராகரித்திருந்தால் பெரும்பாலும் ஒரு காரணம் சொல்லியிருப்பார்கள். "இன்னும் வரவில்லை" என்ற பதிலுக்குப் பின்னால் வேறு வேறு நிலைமைகள் இருக்கலாம். உங்கள் விண்ணப்பம் அதில் எந்த நிலையில் இருக்கிறது என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

படிவம் போகும் பாதை இது: கிராம உத்தியோகத்தர் வதிவிடத்தையும் வருமானத்தையும் உறுதிப்படுத்துவார். அரச வைத்தியர் மருத்துவப் பகுதியை நிரப்புவார். பிறகு பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து பார்ப்பார், பிரதேச செயலாளர் சிபாரிசு செய்வார். அதன் பிறகுதான் பெயர் காத்திருப்போர் பட்டியலில் ஏறும். இந்தக் கொடுப்பனவுக்கு ஒதுக்கப்பட்ட எண்ணிக்கை உண்டு. வாங்கிக்கொண்டிருந்த ஒருவர் இறந்து இடம் வெற்றிடமானாலோ, அரசாங்கம் எண்ணிக்கையைக் கூட்டினாலோ பட்டியலிலிருந்து அடுத்தவரை எடுப்பார்கள். தகுதி முழுமையாக இருந்தும் பலர் காத்திருப்பது இதனால்தான்.

ஆனால் எல்லாத் தாமதமும் பட்டியலால் வருவதல்ல. மருத்துவப் பக்கம் குறைவாக இருந்து படிவம் ஓரமாக வைக்கப்பட்டிருக்கலாம். படிவத்தில் எழுதிய தொலைபேசி இலக்கம் மாறிப்போயிருக்கலாம். உத்தியோகத்தர் இடமாற்றம் பெற்றபோது கோவை கைமாறாமல் போயிருக்கலாம். இப்படித் தேங்கிய விண்ணப்பத்துக்குப் பட்டியலில் இடமே இருக்காது, எத்தனை வருடம் காத்திருந்தாலும் முறை வராது.

ஆகவே அடுத்த முறை போகும்போது "காசு வந்துவிட்டதா?" என்று கேட்காதீர்கள். "பெயர் பட்டியலில் ஏறிவிட்டதா? எந்தத் திகதியில்? என்ன இலக்கம்?" என்று கேளுங்கள். பதிலை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதிக்கொள்ளுங்கள். பட்டியலில் இல்லை என்றால், எந்தத் தாள் குறைகிறது என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். இனிமேல் எதைக் கொடுத்தாலும் இரண்டு பிரதியாகக் கொண்டுபோங்கள். ஒன்றில் அலுவலகத்தின் திகதி முத்திரையை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். தூரம் அதிகம் என்றால் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பிரதியோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.

வாய்ப் பதிலால் பயனில்லை என்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பம் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அலுவலரே எழுதிக்கொள்ள வேண்டும் என்பது சட்டத்திலேயே உள்ளது. கேள்விகளைச் சின்னதாக வையுங்கள்: விண்ணப்பம் கிடைத்த திகதி என்ன? காத்திருப்போர் பட்டியலில் எத்தனையாவது இடம்? விண்ணப்பித்த பிறகு இந்தப் பிரிவில் எத்தனை பேருக்குப் புதிதாகக் கொடுப்பனவு தொடங்கியது? பட்டியலை அப்படியே பெயர்களோடு கேட்டால், மற்றவர்களின் தனிப்பட்ட விவரம் என்று மறுக்க இடமுண்டு. இலக்கங்களை மட்டும் கேட்டால் மறுப்பது கடினம்.

தகவல் கேட்ட விண்ணப்பம் கிடைத்ததற்கு எழுத்தில் ஓர் அத்தாட்சி தர வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானித்து அறிவிக்க வேண்டும். பதில் இல்லை, அல்லது மறுத்தார்கள் என்றால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தொதுக்கப்பட்ட அலுவலரிடம் (மேன்முறையீட்டைக் கேட்க நியமிக்கப்பட்டவர்) மேன்முறையீடு செய்யலாம். அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது. கேள்வி எழுத்தில் வந்ததுமே தேங்கிய கோவை பல இடங்களில் நகரத் தொடங்கிவிடும். இது உத்தியோகத்தரோடு சண்டை பிடிக்கும் வழி என்று தயங்காதீர்கள். சமூக சேவை உத்தியோகத்தரின் மேசையில் குவிந்திருக்கும் கோவைகளுக்கு நடுவில் உங்களுடையதை எடுத்துப் பார்க்க அது ஒரு காரணத்தைக் கொடுக்கிறது.

ஒன்றை இப்போதே மனதில் வையுங்கள் அம்மா. விண்ணப்பித்த நாளிலிருந்து கணக்குப் பார்த்து நிலுவை மொத்தமாக வரும் என்று எண்ணிக் கடன் வாங்க வேண்டாம்.

வாப்பாவுக்குப் பாரிசவாதம். வலது கை, கால் இயங்காது, பேச்சும் தெளிவில்லை. படிவத்தை "மருத்துவ அறிக்கை போதாது" என்று திருப்பித் தந்துவிட்டார்கள். டொக்டர் கையெழுத்து வைத்திருக்கிறாரே, இன்னும் என்ன வேண்டும்?
*வாசகர், அம்பாறைக் கரையோரம்*

கையெழுத்து இருந்திருக்கும். ஆனால் அந்தப் பக்கத்தில் நோயின் பெயர் மட்டும் இருந்திருக்கும் என்று நினைக்கிறோம். கொடுப்பனவைத் தீர்மானிப்பது நோயின் பெயரல்ல. பாரிசவாதம் வந்து நாலு மாதத்தில் வயலுக்குப் போகிறவரும் உண்டு, பாயோடு கிடப்பவரும் உண்டு. நோய் எப்போது வந்தது, குறைபாடு நிரந்தரமா, எதைத் தானாகச் செய்ய முடியாது என்பன தெளிவாக இருக்க வேண்டும். வைத்தியரின் பெயர், பதவி, பதிவு இலக்கம் உள்ள முத்திரை, திகதி எல்லாம் இருக்க வேண்டும். முத்திரை மங்கலாக விழுந்ததற்கும் படிவம் திரும்பி வருவதுண்டு. அறையை விட்டு வெளியே வருமுன் பாருங்கள்.

கிளினிக் நாளில் வரிசையின் நடுவில் படிவத்தை நீட்டினால் வைத்தியருக்கு ஒரு வரி எழுதத்தான் நேரம் கிடைக்கும். படிவம் நிரப்ப எந்த நாள், எத்தனை மணிக்கு வரலாம் என்று தாதியிடம் முன்கூட்டியே கேளுங்கள். போகும்போது கிளினிக் கொப்பி, ஆஸ்பத்திரியிலிருந்து விட்டபோது தந்த டயக்னோசிஸ் காட், ஸ்கேன் அறிக்கை மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். கூடவே அரைப் பக்கத்தில் நீங்களே எழுதிக் கொடுங்கள்: கட்டிலிலிருந்து தானாக எழும்புவாரா, எத்தனை அடி நடப்பார், குளிப்பது, உடுப்பது, சாப்பிடுவது, மலசலகூடம் போவது இவற்றில் எதற்கு ஆள் வேண்டும். வைத்தியர் பரிசோதித்துச் சரி என்று கண்டதை எடுத்து எழுத அது உதவும்.

பாரிசவாதத்தில் முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில்தான் முன்னேற்றம் அதிகம். அதனால் தொடக்கத்திலேயே "நிரந்தரம்" என்று எழுத வைத்தியர்கள் தயங்குவார்கள், அந்தத் தயக்கம் நியாயமானது. மறுபரிசோதனைத் திகதி போட்டுத் தந்தால் அந்த நாளைத் தவறவிடாதீர்கள்.

இனிச் சொல்வதை எல்லாக் குடும்பங்களும் கேட்க வேண்டும் என்று விரும்புகிறோம். வீடு பார்க்க உத்தியோகத்தர் வருகிறார் என்றதும் வாப்பாவைக் குளிப்பாட்டி, நல்ல சாரனும் சேட்டும் உடுத்தி, முன் விறாந்தையில் கதிரையில் இருத்திவிடுகிறோம். "எப்படி இருக்கிறார்?" என்றால் "அல்ஹம்துலில்லாஹ், பரவாயில்லை" என்கிறோம். நம் மரியாதை அப்படி, அதில் பிழையில்லை. ஆனால் உத்தியோகத்தர் கண்டதைத்தான் எழுதுவார். இரவில் எத்தனை முறை தூக்கிப் புரட்டுகிறீர்கள், சோறு ஊட்ட எவ்வளவு நேரம் பிடிக்கிறது, பார்த்துக்கொள்பவர் எந்த வேலையை விட்டார் என்பதைச் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்.

கையொப்பத்துக்குப் பதில் பெருவிரல் அடையாளம் வைக்கலாம். எந்தக் கை விரல் என்று பக்கத்தில் எழுதி, சாட்சிகள் கையொப்பமிட வேண்டும். வங்கிக் கணக்கு கேட்டால், படிவத்தைக் கொண்டுபோகுமுன் கிளை முகாமையாளரிடம் நிலைமையை எழுத்தில் கொடுத்து, அந்த வங்கியின் நடைமுறையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பார்வை இல்லாத தம்பி கல்யாணம் முடித்து மனைவியின் ஊருக்குப் போய்விட்டார். கொடுப்பனவு நின்றுவிட்டது. பழைய இடத்தில் "இங்கே வதிவில்லை" என்கிறார்கள், புதிய இடத்தில் "புதிதாக விண்ணப்பியுங்கள்" என்கிறார்கள்.
*வாசகி, எழுவான்கரை*

மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போகும் நம் பகுதியில் இது அடிக்கடி வரும் சிக்கல். கொடுப்பனவு ஆளுக்கு உரியதுதான், ஆனால் கோவை பிரதேச செயலகப் பிரிவோடு கட்டுப்பட்டிருக்கிறது. புதிதாக விண்ணப்பித்தால் பட்டியலின் அடியில் போய் நிற்க நேரிடும். அதைச் செய்ய வேண்டாம். புதிய ஊரின் கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்றிதழ் எடுத்து, அதோடு பழைய பிரதேச செயலகத்துக்குக் கோவையை மாற்றித் தரும்படி கடிதம் கொடுங்கள். அவர்கள் அனுப்பும் கடிதத்தில் கடைசியாகப் பணம் கொடுத்த மாதம் கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் இரட்டைக் கொடுப்பனவு ஆகிவிடும் என்ற பயத்தில் புதிய இடத்தில் தொடங்க மாட்டார்கள். கடிதத்தின் பிரதி ஒன்றை உங்கள் கையிலும் வாங்கிக்கொள்ளுங்கள். கல்யாணம் பேசும்போதே இந்த மாற்றத்தையும் செய்துவிட்டால் ஒரு மாதமும் தவறாது.

யுத்த காலத்தில் ஷெல் விழுந்து காலை இழந்தேன். இடம்பெயர்வில் ஆஸ்பத்திரித் துண்டு எல்லாம் போய்விட்டது. ஆதாரம் இல்லாமல் விண்ணப்பிக்க முடியுமா?
*வாசகர், வாகரைப் பக்கம்*

முடியும். இரண்டு விஷயங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். மாதாந்தக் கொடுப்பனவுக்கு இன்றைய உடல்நிலைதான் தேவை. கால் இல்லை என்பதை இன்று பரிசோதிக்கும் அரச வைத்தியரே உறுதிப்படுத்தலாம், பழைய துண்டு இல்லாதது தடையாகாது. நட்டஈடு வேறு. அதைப் பார்ப்பது 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இழப்பீடுகளுக்கான அலுவலகம். அங்கே காயம் எப்படி ஏற்பட்டது என்பதைக் காட்ட வேண்டும். சிகிச்சை பெற்ற ஆஸ்பத்திரியின் பதிவேட்டு அறையில் பெயர், அப்போதைய வயது, ஊர், வருடம், வாட் இவற்றை எழுதிக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். உள்ளூர் மருந்தகத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருந்தால் இரண்டு இடத்திலும் கேளுங்கள். கிடைக்காவிட்டால் பதிவு இல்லை என்பதையே எழுத்தில் வாங்குங்கள், அதுவும் ஓர் ஆவணம். பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், சம்பவத்தைக் கண்டவரின் சத்தியக் கடதாசி ஆகியவற்றையும் சேருங்கள். ஒன்றுக்காக மற்றதை நிறுத்தி வைக்காமல் இரண்டையும் தனித்தனியே நடத்துங்கள்.

அஸ்வெசும பட்டியலில் எங்கள் பெயர் இல்லை. அப்படியானால் மகனுக்குக் கொடுப்பனவும் இல்லையா?
*பலர்*

அரசின் குடும்ப நலன்புரித் திட்டமான அஸ்வெசும 22 அளவுகோல்களை வைத்துக் குடும்பத்துக்குப் புள்ளி போடுகிறது. மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு அந்த ஆளின் நிலையையும் குடும்பத்தின் குறைந்த வருமானத்தையும் பார்த்து ஆளுக்குத் தரப்படுவது. 2024இல் மாதம் 7,500 ரூபாவாக இருந்தது, 2025இல் 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஒன்றில் பெயர் இல்லாதது மற்றதற்கு விண்ணப்பிக்கத் தடையல்ல. அஸ்வெசும வாங்கும் குடும்பத்திலும் இது தனியாகத்தான் வரும். அஸ்வெசுமவை நடத்தும் நலன்புரி நன்மைகள் சபையின் 1924 தொலைபேசி இலக்கத்தில் விசாரிக்கலாம். ஆனால் உங்கள் கோவை இருப்பது பிரதேச செயலகத்தில் என்பதை மறக்க வேண்டாம்.

பெயர் இருந்தும் பணம் வராதவர்கள் அடையாள அட்டை இலக்கத்தைச் சரிபாருங்கள். ஓரிடத்தில் பழைய ஒன்பது இலக்க எண்ணும் இன்னோரிடத்தில் புதிய 12 இலக்க எண்ணும் இருந்தால் இரண்டு ஆட்கள்போலத் தெரியும். பழையதன் முன்னால் 19 சேர்த்து, அதன் முதல் ஐந்து இலக்கங்களுக்குப் பின் ஒரு பூச்சியம் போட்டு, கடைசி எழுத்தை நீக்கினால் புதியது வரும். அப்படி வராவிட்டால் எங்கோ ஓர் இலக்கம் பிழை. பெயரின் எழுத்து வித்தியாசத்துக்குச் சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து எல்லா இடத்துக்கும் ஒரே பிரதியைக் கொடுங்கள். 15 வயதாகாத பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் அடையாளம். 15 ஆனதும் அட்டைக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

கடிதம் சிங்களத்தில் வந்திருக்கிறது. வாசிக்கத் தெரியவில்லை.
*வாசகி, அம்பாறை மாவட்டம்*

தமிழில் பெறுவது உங்கள் அரசியலமைப்பு உரிமை. அந்தக் கடிதத்தின் இலக்கத்தையும் திகதியையும் குறிப்பிட்டு, தமிழ்ப் பிரதி கேட்டுத் தமிழிலேயே எழுதுங்கள். அரசகரும மொழி பற்றிய முறைப்பாடுகளுக்கு 1956 என்ற தொலைபேசி இலக்கம் உண்டு. அதுவரை காத்திருக்காமல் தெரிந்த ஒருவரிடம் கடிதத்தைக் காட்டுங்கள். அதில் பதிலளிக்கக் கடைசித் திகதி ஏதும் இருக்கலாம்.

சமூக சேவைப் பிரிவு மேல் மாடியில். சக்கர நாற்காலியில் போகும் நான் என்ன செய்வது?
*வாசகர், மட்டக்களப்பு*

பொதுக் கட்டடங்களில் மாற்றுத்திறனாளிகள் போய்வர வசதி இருக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டிலேயே ஒழுங்குவிதிகள் வந்துவிட்டன. உங்களைத் தூக்கிக்கொண்டு படியேற யாரையும் விடாதீர்கள். விழுந்தால் காயம் உங்களுக்குத்தான். போகுமுன் தொலைபேசியில் சொல்லி, உத்தியோகத்தரைக் கீழே வரச் சொல்லுங்கள். வர மறுத்தால் பிரதேச செயலாளருக்கு எழுதுங்கள், பிரதியை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் மட்டக்களப்புப் பிராந்திய அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். கல்முனையிலும் அவர்களுக்கு அலுவலகம் உண்டு, அவசர இலக்கம் 1996. கடிதத்தில் திகதி, நேரம், எந்தத் தளம், யாரிடம் கேட்டீர்கள், என்ன பதில் கிடைத்தது என்பது மட்டும் இருந்தால் போதும்.